காரில் ஏறியது காகிதத்திலும் ஏற வேண்டாமா?

தில்லியில் கார் வைத்திருக்கும் நம்மவர் பத்துப் பேரை நிறுத்தி, "உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் உங்கள் வண்டி எந்த எரிபொருளில் ஓடுவதாக எழுதியிருக்கிறது?" என்று கேட்டால், பாலிசியைப் பார்க்காமல் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? பிரீமியம் எவ்வளவு என்று கேளுங்கள், காசு சுத்தமாகச் சொல்வார்கள். போன வருஷத்தைவிட எவ்வளவு கூடுதல், பக்கத்து ஃபிளாட்காரர் எவ்வளவு குறைத்துக் கட்டினார் என்பதெல்லாம்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்து என்ன வண்டியை, எந்த நிலையில் இருக்கும் வண்டியைக் காப்பீடு செய்திருக்கிறோம் என்பதைப் பலரும் பார்த்ததே இல்லை.

பொதுக் காப்பீட்டுத் துறையில், அதுவும் க்ளெய்ம் பிரிவில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாற்காலி தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. அவர்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்ப்போம்.

இந்த நகரத்துக்கும் சி.என்.ஜி.க்கும் உள்ள உறவு பழையது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தில்லியின் பஸ்கள் அனைத்தும் இந்த வாயுவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டதும், பஸ் நிறுத்தங்களில் நாம் மணிக்கணக்கில் காத்து நின்றதும், 2002 முடிவதற்குள் டீசல் நகரப் பஸ்கள் மறைந்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கண்ட சிக்கனம் பிறகு நம் கார்களுக்கும் வந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, 'கிட்' பொருத்திக்கொள்வது மாதச் சம்பளக்காரர்களின் வழியாகிவிட்டது. அதில் தவறு எதுவும் இல்லை. காற்றுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

தகராறு எங்கே வருகிறது என்றால், கிட் பொருத்தும் கடையில் வருகிறது. "ஆர்.சி.யில் ஏற்றித் தரவா சாப்? அதற்குத் தனிச் செலவு, நாலு தடவை அலைய வேண்டும்" என்பார் கடைக்காரர். நம்மவர் யோசிப்பார். "அப்புறம் பார்க்கலாம்" என்பார். "கோயி பாத் நஹீ" என்று அவரும் விட்டுவிடுவார். அந்த 'அப்புறம்' வரவே வராது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். துவாரகாவில் இருக்கிறார்கள், தஞ்சைப் பக்கத்துக்காரர்கள். அவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள்தான். ஆறு வயதான பெட்ரோல் காருக்கு அறுபதாயிரம் ரூபாயில் கிட் பொருத்தினார். ஆர்.சி.யிலும் ஏற்றவில்லை, கம்பெனிக்கும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் ஏஜெண்டு போனில் கூப்பிட்டு, "போன வருஷம் மாதிரியே போட்டுவிடவா?" என்று கேட்க, இவரும் சரி என்றிருக்கிறார். போன குளிர்காலத்தில் மதுராவிலிருந்து திரும்பும் வழியில் இரவு நேரத்தில் வண்டி தீப்பிடித்துக்கொண்டது. கடவுள் புண்ணியத்தில் நால்வரும் இறங்கி ஓடிவிட்டார்கள். வண்டி எலும்புக்கூடாகிவிட்டது. சர்வேயர் வந்து பார்த்தார். டிக்கியில் சிலிண்டர் கிடந்தது. ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எரிபொருள் மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை, முக்கியமான விவரம் மறைக்கப்பட்டது, ஆகவே க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான் கடிதம்.

அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது கேட்ட கேள்வி, "நான் ஒரு வருஷம்கூட விடாமல் பிரீமியம் கட்டினேனே சார்?" என்பதுதான். நியாயமான கேள்வி மாதிரிதான் தோன்றும். ஆனால் அவர் கட்டியது பெட்ரோல் வண்டிக்கான பிரீமியம். எரிந்தது அந்த வண்டி அல்ல என்கிறது கம்பெனி.

சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிப்படி, வெளியில் பொருத்திய கிட்டுக்கு அதன் மதிப்பில் நூற்றுக்கு 4 ரூபாய். மூன்றாம் நபர் பொறுப்புக்காக இன்னொரு 60 ரூபாய். அறுபதாயிரம் ரூபாய்க் கிட்டுக்கு 2,400ம் 60ம் சேர்த்து 2,460 ரூபாய், வரி தனி. 2007 ஜனவரியிலிருந்து சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டாலும், பல கம்பெனிகள் இன்றும் ஏறக்குறைய அந்தக் கணக்கை ஒட்டியே வாங்குகின்றன. வருஷத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கப் போய், அந்தக் குடும்பம் இரண்டரை லட்ச ரூபாயைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது. மிச்சம் பிடிக்க வேண்டும் என்றுகூட அவர் நினைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கம்பெனி ஏன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்றும் சொல்ல வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரில் வாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார்தான். அங்கீகாரம் பெற்ற கிட், முறையான குழாய், பயிற்சி பெற்றவர் கை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு நீரழுத்தச் சோதனை என்று எல்லாம் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆர்.சி.யில் ஏற்றப்போகும்போதுதான் இந்தக் காகிதங்களையெல்லாம் கேட்பார்கள். ஏற்றாத வண்டியில் இவை இருந்தனவா இல்லையா என்பது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? சந்தேகத்தின் பலன் நமக்குக் கிடைப்பதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் அதே பிரிவு, சி.என்.ஜி., எல்.பி.ஜி., பாட்டரி என்று வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கான கிட்டை நிபந்தனைகளுடன் அனுமதிக்கவும் செய்கிறது. ஆக, இது தடுக்கப்பட்ட காரியம் அல்ல. சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய காரியம். ஆர்.சி.யில் ஏறிய பிறகு அதன் நகலோடு கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டால், அவர்கள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு 'எண்டார்ஸ்மெண்ட்' என்ற ஒரு தாளைத் தருவார்கள். அந்தத் தாள்தான் உயிர்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நம் வண்டி எரிந்தால் நம் நஷ்டம். நம் வண்டி ஒருவர்மேல் மோதினால்? மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதே அடிபட்டவர் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே விபத்துத் தீர்ப்பாயங்கள் பல சமயம், "முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்" என்று சொல்வதுண்டு. முக்கிய விவரத்தை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என்று வாதிடக் கம்பெனிக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த வாதம் எடுபட்டுவிட்டால், கம்பெனி கொடுத்த இருபது லட்சத்தையும் நம்மிடம் கேட்டு நோட்டீஸ் வரும். பி.எஃப். பணமும் ஊரில் உள்ள நிலமும் நினைவுக்கு வரும் நேரம் அது.

கிட்டை விட்டுவிட்டு மற்ற ஒட்டு வேலைகளுக்கு வருவோம். கரோல்பாக் என்றால் ஒரு காலத்தில் நம்மவர்களுக்கு இட்லி, வாடகை அறை, கோயில். இன்று பிள்ளைகளுக்குக் கரோல்பாக் என்றால் அலாய் வீல், பாட்டுப் பெட்டி, விளக்கு. இவற்றில் எதையெல்லாம் சொல்ல வேண்டும்? சீட் உறைக்கும் மிதியடிக்கும் யாரும் கடிதம் எழுத வேண்டாம். ஆனால் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மியூசிக் சிஸ்டம் வைத்தால் அதன் மதிப்பைப் பாலிசியில் தனியாகக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் திருட்டுப் போனால் போனதுதான். அலாய் வீலும் அப்படியே. வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பி வேலிக்கு மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போக அந்தக் கம்பியே காரணமாகலாம். அதைச் சொன்னாலும் பயனில்லை, கழற்றுவதுதான் வழி.

சொல்வதென்றாலே நஷ்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரியவர், வலது காலில் பலமில்லாதவர். கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் இயக்கும்படி வண்டியை மாற்றி ஓட்டினார். சொன்னால் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள் என்று பல வருஷம் வாயே திறக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்து ஆர்.சி.யில் பதிவு செய்த வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதிக்குப் பாதி தள்ளுபடி என்று அந்த 2002 விதியிலேயே இருந்தது. அதை நான் எடுத்துக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விட்டுப்போன வருஷங்களின் தள்ளுபடியைத் திரும்ப வாங்க முடியுமா என்றுதான் முதலில் கேட்டார்!

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கென்றே இரண்டு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, கை மாறும் வண்டி. மாற்றலாகிப் போகிறவர் தம் காரைச் சங்கத்தில் பழகிய ஒருவருக்கே கொடுத்துவிட்டுப் போவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் "நம்மவர்தானே" என்ற நம்பிக்கையில் காகித வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. ஆர்.சி.யை மாற்றிக்கொள்வார்கள், பாலிசி பழைய பெயரிலேயே ஓடும். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சொந்தச் சேதக் காப்பீடு தானாக வராது. உச்ச நீதிமன்றம் 1995இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. பதினான்கு நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவருடைய 'நோ க்ளெய்ம் போனஸ்' வண்டியோடு வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 20இல் தொடங்கி 50 சதவீதம்வரை ஏறும் அந்தச் சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியது அல்ல. பழைய பாலிசியில் இருக்கிறதே என்று அதை அனுபவித்தால் அதுவும் தவறான தகவல் கணக்கில்தான் சேரும். வாங்கும்போதே, "இதில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா, எழுதியிருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். சம்பந்தியிடமே சீர் வரிசையைப் பட்டியல் போட்டு வாங்குகிற நாம் இதைக் கேட்பதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

இரண்டாவது, டி.என். நம்பர் வண்டி. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கோவையிலோ மதுரையிலோ பதிவான வண்டிக்குப் பழைய கட்டண விதியில் 'பி' மண்டலம். தில்லியும் சென்னையும் 'ஏ' மண்டலம். வண்டி நிரந்தரமாக இங்கே வந்துவிட்டது என்பதைக் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுவதே பத்திரம். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 செப்டம்பரில் வந்த 'பி.ஹெச்.' வரிசை நம்பர் பெரிய ஆறுதல்.

இனிக் கம்பெனிகள்.

பாலிசியின் முதல் பத்தியிலேயே, நாம் கொடுத்த விண்ணப்பமும் அதிலுள்ள உறுதிமொழியும்தான் இந்த ஒப்பந்தத்தின் அடிப்படை என்று அச்சிட்டிருப்பார்கள். நல்லது. அந்த விண்ணப்பத்தை யார் பார்த்தார்கள்? புது வண்டி வாங்கும்போது ஷோரூமில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் தட்டிவிடுகிறான். புதுப்பிக்கும்போது ஏஜெண்டோ, செல்போனோ. 'வெளியில் பொருத்திய கிட் உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று ஏற்கெனவே டிக் அடித்தே வருகிறது. கேட்காத கேள்விக்கு நாம் பதில் சொன்னதாக எழுதிவைத்துக்கொண்டு, பிறகு நாம் பொய் சொன்னோம் என்பது என்ன நியாயம்? விண்ணப்பத்தின் நகலை முப்பது நாட்களுக்குள் இலவசமாகத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2002இலேயே விதி செய்தது. எழுத்து விண்ணப்பமே இல்லாதபோது, பதிவு செய்யாத விவரத்தை மறைத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியின் தலையில் என்றும் அதே விதி சொன்னது. படிவங்களை அரசியல் சாசனம் ஏற்ற மொழிகளில் தரலாம் என்றும் அதில் இருந்தது. 'தரலாம்' என்ற அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது நம் மொழிகளுக்கு உள்ள மரியாதை. நான் சர்வீஸில் இருந்தவரை தில்லியில் தமிழில் ஒரு படிவத்தைக் கண்டதில்லை.

இன்னொன்று. நின்றுகொண்டிருந்த காரின் பின்னால் லாரி மோதுகிறது. அலாய் வீலைச் சொல்லவில்லை என்று முழு க்ளெய்மையும் மறுக்கலாமா? மாற்றத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லாதபோது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பணம் இல்லை என்று சொல்வதுதான் முறை என்பது என் கருத்து. மறைத்தால் எல்லாமே போச்சு என்ற கோட்பாடு 1766இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு எழுதிய தீர்ப்பிலிருந்து வந்தது. அந்த இங்கிலாந்தே 2012இல் தனிநபர்களுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்து, அசட்டையால் நேர்ந்த தவறுக்கு, கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தின் விகிதப்படி தொகையைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று ஆக்கிவிட்டது. வேண்டுமென்றே ஏமாற்றியவனுக்குத்தான் முழு மறுப்பு. நம் நாட்டிலும், நிபந்தனைக்கு மாறாக ஓடிய வண்டிக்கு முழுவதுமாகக் கைவிரிக்காமல் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2010இல் காட்டியிருக்கிறது. கம்பெனிகள் அந்தத் தீர்ப்பைத் தாமாக நினைவுபடுத்திக்கொள்வதில்லை. நாம் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

துவாரகா நண்பருக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 2023இலிருந்து 50 லட்ச ரூபாய்வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் மனு இப்போது அங்கே இருக்கிறது. தீ எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சர்வேயர் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. அது ஒன்றே அவருக்குச் சாதகம். முழுத் தொகை வரும் என்று நான் அவருக்கு ஆசை காட்டவில்லை.

சங்கத்துக்கு ஒரு யோசனை. பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட இடம் கொடுத்தால், பாலிசியும் ஆர்.சி.யும் கொண்டுவருகிறவர்களுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். என்னோடு ஓய்வுபெற்ற இருவரும் வரத் தயாராக இருக்கிறார்கள். வண்டி விண்ணப்பத்தின் கேள்விகளை எளிய தமிழில், ஒரே தாளில் வருகிற மாதிரி எழுதித் தருவதும் என் பொறுப்பு. அதை அச்சடிக்கும் செலவு யாருடையது என்பதைச் செயற்குழு முடிவு செய்யட்டும்.